தலைப்பு சுருங்கும், பயப்படாதீர்கள்

கேள்வி: ஐயா, அரசு கலைக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். இந்தக் கடைசி செமஸ்டரில் 70 பக்கத்துக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். 'சிவகங்கைச் சீமையின் நீர்ப்பாசன வரலாறு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பத்து மார்க் கேள்விக்கு மேல் எதையும் நான் சொந்தமாக எழுதியதில்லை. கைடு நல்லவர்தான், ஆனால் அவரிடம் எட்டுப் பேர் இருக்கிறோம். டவுனில் ஒரு கடையில் பணம் கொடுத்தால் முடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்கள் சீனியர்கள். என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கொஞ்சம் தைரியம் வரும். தமிழிலேயே எழுதலாமா? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன கேட்பார்கள்? 'இதனால் வேலைக்கு ஏதாவது உண்டா?' என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

- வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கடையைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் பிறகு பேசுவோம் அம்மா. முதலில் உங்கள் தலைப்பு.

அது ஏப்ரல் வரை தாங்காது. தாங்கவும் கூடாது. சீமை முழுவதும், எல்லாக் காலமும், வைகைக் கால்வாய் முதல் ஊருணி வரை என்றால் நாலைந்து பேர் பல வருஷம் உட்கார்ந்து செய்கிற வேலை. உங்களிடம் இருப்பது ஒரு செமஸ்டர். பொங்கல் விடுமுறை, இன்டர்னல், மற்ற பேப்பர்களின் அசைன்மென்ட் எல்லாம் போக மூன்று மாதம் கையில் நின்றாலே அதிர்ஷ்டம். ஆகவே ஜனவரிக் கடைசியில் உங்கள் சீமை ஒரு வட்டமாகச் சுருங்கும். பிப்ரவரியில் ஒரே ஒரு கண்மாயில் வந்து நிற்கும். 'எவ்வளவு பெரிதாக ஆரம்பித்தோம், இப்படி ஆகிவிட்டதே' என்று மனசு விழும். என்னிடம் ஆய்வேடு எழுதிய பிள்ளைகள் பலர் அந்த நேரத்தில்தான் 'சார், தலைப்பை மாத்திக்கலாமா?' என்று வந்து நிற்பார்கள். மாற்றாதீர்கள். சுருங்கிய பிறகுதான் அது ஆராயக்கூடிய கேள்வி ஆகிறது. அதுவரைக்கும் அது ஒரு புத்தக அட்டையில் போடுகிற பெயர், அவ்வளவுதான்.

ஒரு கேள்வியை நானே சொல்லிப் பார்க்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை ஜமீன் பகுதி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்து, உழவரே அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு நிலம் மாறியது. அதன் பிறகு உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையைப் பார்த்துக்கொண்டது யார்? மடையைத் திறந்தது யார்? மீன் குத்தகைப் பணம் எங்கே போனது? ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு ஆள் வராமல் போனது எந்தக் காலத்தில், ஏன்? ஒரே கண்மாயை வைத்துக்கொண்டு 70 பக்கம் எழுத இது போதும். பின்னணிக்கும் பஞ்சமில்லை. குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்தை ஆங்கிலேய அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுச் சட்டத்துக்குள் இழுத்தது. இன்றைக்கு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கிறது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். 2017-இல் தமிழக அரசு மராமத்துத் திட்டம் கொண்டுவந்தபோது அதற்குக் குடிமராமத்து என்ற பழைய பெயரையே வைத்தது. இந்தக் கதையில் உங்கள் கண்மாய் எங்கே நிற்கிறது என்று சொன்னால் போதும். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நடக்கப்போவது, தேடிப் போனது கிடைக்காது. 'சிவகங்கை மாவட்டம்' என்று தேடுவீர்கள், பழைய காகிதம் எதுவும் வராது. காரணம் எளிது. அந்த மாவட்டம் பிறந்ததே 1985-இல். அதற்கு முன் உங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம். அந்த ராமநாதபுரமும் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து 1910-இல் உண்டாக்கியது. எனவே 1910-க்கு முந்தைய கடிதம் மதுரைக்குக் கீழே கிடக்கும், பிந்தையது ராமநாதபுரத்துக்குக் கீழே. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆளுக்கு ஒன்றாக இருக்கும். எழுதக்கூடிய விதங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு தேடுங்கள். 'சான்றே இல்லை சார்' என்று திரும்பி வருகிறவர்களில் நிறையப் பேர் தப்பான மாவட்டத்தில் தேடியவர்கள்.

சென்னைக்கு ஓடுவதற்கு முன் ஊரிலேயே பார்க்க வேண்டியது இருக்கிறது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேடும் (ஊர் நிலங்களின் பதிவேடு) கிராம வரைபடமும் பார்க்கக் கேளுங்கள். கண்மாயின் சர்வே எண்ணும் பரப்பும் அதில் இருக்கும். ஊர்க் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம் பதவியை அரசு 1980-இல் ஒழித்தது. கணக்குகளை அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள் என்றாலும் ஒன்றிரண்டு நோட்டுகள் கர்ணம் வீட்டுப் பரணில் தங்கிப் போனதுண்டு. அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். போனதும் நோட்டைக் கேட்காதீர்கள். முதல் நாள் சும்மா பேசிவிட்டு வாருங்கள்.

அப்புறம் சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் கிளம்பாதீர்கள். அனுமதி வாங்கி, இன்டெக்ஸ் புரட்டி, சீட்டு எழுதிக் கொடுத்து, கோப்பு கைக்கு வருவதற்கு நேரமாகும். காலை ரயிலில் இறங்கி ராத்திரி ரயிலில் திரும்பும் திட்டமே வேண்டாம். சென்னையில் சித்தி வீடோ அத்தை வீடோ இருந்தால் சில நாள் தங்கிக்கொள்ளுங்கள். உங்களுடையது ஜமீன் பகுதி என்பதால் ரெவின்யூ போர்டு (அந்தக் கால வருவாய் வாரியம்) நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். எதைப் படம் எடுப்பதென்றாலும் அனுமதி கேட்டு, முதலில் கோப்பின் எண்ணும் ஆண்டும் உள்ள மேல் தாளை எடுங்கள். மார்ச் மாதம் செல்போனில் 200 படம் இருக்கும், எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் முழிப்பீர்கள். கேட்ட கோப்பு இல்லை என்று பதில் வந்தால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். எதைத் தேடினீர்கள், எது கிடைக்கவில்லை என்று முன்னுரையில் எழுதினால் படிக்கிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

சென்னைக்குப் போகவே முடியாது என்றால் வேலை நின்றுவிடாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது. அங்கே யாருடைய ஆய்வேட்டைத் திறந்தாலும் முதலில் நூற்பட்டியலுக்குப் போங்கள். உங்களுக்கு வேண்டிய கோப்பு எண்ணை வேறு யாராவது ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கக்கூடும்.

நேர்காணல்தான் உங்களுக்கு நன்றாக வரப்போகிற பகுதி. ஊர்க்காரப் பெண் என்பது இங்கே பெரிய பலம். ஆனால் ஒன்று. எண்பது வயதுத் தாத்தாவிடம் போய் 'கண்மாயில கடைசியா எப்ப வேலை பாத்தாங்க?' என்று கேட்டால் 'அது ஆச்சும்மா ரொம்ப வருஷம்' என்பார், நீங்களும் அதை எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். தேதியைக் கேட்காதீர்கள். 'தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேளுங்கள். 1964 டிசம்பரில் ஒரு பக்கம் நிறுத்தியாயிற்று. 'அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?', 'ஊருக்குக் கரண்டு வந்துருச்சா?' இப்படி இரண்டு மூன்று கேட்டால் ஐந்து வருஷ இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். பிறகு அதைக் காகிதத்தோடு ஒத்துப்பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றை ஒளிக்காமல் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டின் நல்ல பக்கங்கள் அங்கேதான் வரும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் உண்டு. தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர் சொல்கிற வரலாறும் கடைசியில் பாயும் கடைமடைக்காரர் சொல்கிற வரலாறும் ஒன்றாக இருக்காது. மடை திறந்தவர், கரைக்கு மண் சுமந்த அப்பத்தாக்கள், நிலமே இல்லாமல் மீனும் கோரையும் மட்டும் எடுத்தவர்கள், எல்லாரிடமும் போக வேண்டும். உங்கள் தெருவில் மட்டும் கேட்டால் கிடைப்பது உங்கள் தெருவின் வரலாறு. பக்கத்துத் தெருவுக்கு, காலனிக்கு நோட்டோடு போவது நம் ஊர்களில் சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். தேவைப்பட்டால் கூட ஒரு தோழியை அழைத்துக்கொள்ளுங்கள், ஆனால் போங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். பத்து மார்க் விடைக்கும் இதற்கும் வித்தியாசம் நீளத்தில் இல்லை. பரீட்சையில் நமக்குத் தெரிந்ததைக் கொட்டுகிறோம். இங்கே ஒவ்வொரு வரிக்கும் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். அதற்குப் பதில்தான் அடிக்குறிப்பு. அதை அன்றன்றே போட்டுவிடுங்கள். கடைசியில் சேர்க்கலாம் என்று விட்டால் ஏப்ரலில் புத்தகத்தைத் தேடி நூலகத்துக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

70 பக்கம் என்ற எண்ணைப் பார்த்தும் மிரளாதீர்கள். முகப்பு, சான்றிதழ், பொருளடக்கம், வரைபடம், பின்னிணைப்பு, நூற்பட்டியல் எல்லாம் போனால் நீங்கள் உண்மையில் எழுதுவது 50, 55 பக்கம். நாலு இயல் என்றால் இயலுக்கு 13 பக்கத்துக்குக் கிட்ட. முன்னுரையில் ஆரம்பிக்காதீர்கள், அது கடைசியில் எழுத வேண்டியது. உங்களுக்கு அதிகம் தெரிந்த நடு இயலிலிருந்து தொடங்குங்கள், அதுவும் இரண்டாவது வாரத்திலேயே. 'எல்லாம் படித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்' என்கிற பிள்ளை மார்ச் 15-இல் ஒரு பக்கம்கூட இல்லாமல் வந்து நிற்கும். எழுதினால்தான் இன்னும் எதைப் படிக்க வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்று. எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் 'பண்டைக் காலம் முதலே தமிழர்கள் நீர் மேலாண்மையில் சிறந்து விளங்கினர்' என்று ஆரம்பிக்கும். அடுத்த பத்தியில் கல்லணை, அதற்கடுத்து ஒரு குறள். எக்ஸ்டர்னலாக (வெளியிலிருந்து வரும் தேர்வாளராக)ப் போய்ப் போய் எனக்கு அது மனப்பாடம். நீங்கள் இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: 'இந்தக் கண்மாய்க்கு மூன்று மடைகள். நடுமடை இப்போது திறக்கப்படுவதில்லை. அது ஏன் மூடப்பட்டது என்பதற்கு ஊரில் மூன்று விதமான விளக்கங்கள் உள்ளன.' இதைப் படிக்கிறவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

பிப்ரவரி கடைசி வாக்கில் ஒரு நாள் 'இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று தோன்றும். எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. எம்.ஏ. ஆய்வேட்டில் உலகத்துக்குப் புதியதாக எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, சான்று தேடி, அதைச் சரிபார்த்து, ஒழுங்காக எழுத முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். முன்பெல்லாம் இதை எம்.ஃபில். சேர்ந்து பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 ஒழுங்குமுறையோடு எம்.ஃபில். நின்றுபோனது. பி.எச்டி.க்கு முன் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே ஒத்திகை இதுதான்.

கைடு விஷயம். எட்டுப் பேரை வைத்திருப்பவரிடம் 'சார், என்ன பண்றதுன்னு தெரியல' என்று போய் நின்றால் 'நிறையப் படிம்மா' என்று சொல்லி அனுப்புவார். எழுதிய இரண்டு பக்கமும் ஒரே ஒரு கேள்வியும் கொண்டு போங்கள். 'இந்த இரண்டு சான்றும் முரண்படுகிறது சார், எதை நம்பலாம்?' என்று கேட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சில நேரம் திருத்தித் தந்த பக்கங்களில் ஒற்றுப்பிழை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கும், கருத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்காக எல்லாம் சரி என்றோ எல்லாம் தப்பு என்றோ நினைத்துவிடாதீர்கள். நேரமில்லை என்றுதான் அர்த்தம். நீங்களே மறுபடி கேளுங்கள். எத்தனை பிரதி, என்ன எழுத்தளவு, கடைசித் தேதி என்ன என்பதை மட்டும் வாய்வார்த்தையாக விடாமல் துறையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கடை. அங்கே பெரும்பாலும் பழைய ஆய்வேடு ஒன்றில் ஊர்ப் பெயரையும் மாவட்டப் பெயரையும் மாற்றிப் பைண்டிங் போட்டுத் தருவார்கள். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறை முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 என்றால் ஒரு வருஷத்துக்குத் திருத்தியதைக்கூடக் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள் குறி போட்டு, எடுத்த இடத்தையும் சொன்ன பகுதி இந்தக் கணக்கில் வராது. ஆகவே பிறர் வரியை எடுப்பதில் குற்றமில்லை, சொல்லாமல் எடுப்பதில்தான் இருக்கிறது. சாட்ஜிபிடியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் கோப்பின் நடை புரியாதபோது விளக்கம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் சான்று கேட்காதீர்கள். கேட்டால் நிஜம்போலவே ஓர் அரசாணை எண்ணைத் தேதியோடு கொடுக்கும், எழும்பூரில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கோப்பே இருக்காது. நீங்கள் கண்ணால் பார்க்காத எதுவும் அடிக்குறிப்பில் ஏறக் கூடாது.

தமிழில் எழுதலாமா? உங்கள் பல்கலைக்கழக விதி அனுமதித்தால் தாராளமாக. மடை, கலுங்கு, உள்வாய், புறகரை என்று உங்கள் சான்று பேசுவதே தமிழில்தான். டி.டி.பி. சென்டரில் மட்டும் ஒரு நிபந்தனை வையுங்கள்: யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டுப் பிறகு மாற்றினால், நடுவில் வரும் ஆங்கிலக் கோப்பு எண்கள் எல்லாம் புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கையில் அதை வரி வரியாகத் திருத்துவது பெரிய கொடுமை. முடிந்தால் நீங்களே செல்போனில் தட்டச்சு செய்து கொண்டு போங்கள், பக்கம் அமைக்கிற வேலையை மட்டும் கடையில் விடுங்கள்.

வைவாவுக்குப் பயப்பட அதிகமில்லை. கால் மணி, இருபது நிமிஷம் நடக்கும். வருகிற எக்ஸ்டர்னல் பெரும்பாலும் முன்னுரை, முடிவுரை, நூற்பட்டியல் மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, நடுவில் ஓரிடத்தைத் திறப்பார். ஏன் இந்த ஊர், ஏன் இந்த ஆண்டிலிருந்து, முதன்மைச் சான்று எது, இந்தத் தாத்தா சொன்னதை எப்படி நம்பினாய், இவ்வளவுதான். கரையில் நடந்தவருக்கு இதற்கு மனப்பாடம் தேவையில்லை. தெரியாததற்கு 'அதை நான் பார்க்கவில்லை சார்' என்று சொல்லலாம், மார்க் போகாது. 1948 என்று ஓரிடத்திலும் 1949 என்று ஓரிடத்திலும் இருந்தால் அதைக் கட்டாயம் பிடிப்பார். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆண்டுகளை மட்டும் தனியாக ஒரு முறை சரிபாருங்கள்.

அப்பாவுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும், தேர்வில் பாடத்திட்டத்திலிருந்துதான் கேட்பார்கள், ஆய்வேட்டுக்கு அங்கே தனி மார்க் கிடையாது. பி.எச்டி. பக்கம் போவதாக இருந்தால் கதை வேறு. 2024-இலிருந்து பி.எச்டி. சேர்க்கைக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறது. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) இல்லாதவர்களுக்கு அந்த மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30. அந்த நேர்முகத்தில் 'எம்.ஏ.வில் என்ன செய்தாய்?' என்று கேட்கும்போது எடுத்து வைக்க உங்களிடம் இருக்கப்போவது இந்த ஆய்வேடு. பி.எட். விண்ணப்பமும் ஆய்வேட்டு வேலையும் ஒரே சமயத்தில் வந்து மோதக்கூடும் என்பதையும் அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஏப்ரல் மாதம் வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள்.